எண்ணூறில் ஒரு கம்பளி

எடுத்தவன் நீதான். உன் பெயர் எனக்குத் தெரியாது. நீ லாரி ஓட்டினவனா, சமையல்கட்டில் நின்றவனா, முடிவெட்ட வந்தவனா, அதுவும் தெரியாது. ஆனால் எடுத்தது நீதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மலைமுகாமில், என் பொறுப்பில் இருந்த கிடங்கிலிருந்து ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு போனாய். சாம்பல் நிறம். ஓரத்தில் கறுப்புக் கோடு. மூலையில் முத்திரையும் எண்ணும். எண்ணூறில் ஒன்று.

போனது வெறும் கம்பளி என்றால் நான் மறந்திருப்பேன். இல்லை, மறந்திருக்க மாட்டேன், பொய் எதற்கு. ஆனால் உன்னைத் தேடி ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் அடுத்தவன் தோளில் கிடக்கும் போர்வையின் மூலையைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டேன். இரண்டு தடவை அடி வாங்கியிருக்க மாட்டேன்.

நான் ராணுவத்தில் முப்பது வருஷம் சரக்குப் பிரிவில் இருந்தவன். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜன்டாக வெளியே வந்தேன். துப்பாக்கியை ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன், சுட்டது சொற்பம். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தை வாங்கின உதையில் படித்தேன். பேரம் பேசுவதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உபரியாகக் கிடந்த இரண்டு லாரி டயரைப் பக்கத்து முகாமில் கொடுத்து ஒரு வெந்நீர்க் கொதிகலன் வாங்கி, அந்தக் கொதிகலனை மருத்துவப் பிரிவில் கொடுத்து நாற்பது கட்டில் வாங்கி, கட்டிலில் பத்தைக் கொடுத்து அதே இரண்டு டயரைத் திரும்ப வாங்கியவன் நான். கோபம் வந்தால் கர்னல்கூட வேறு பாதையில் போவார். அப்படித்தான் நான் சொல்லிக்கொள்வேன். கர்னலுக்கு அந்தப் பக்கம் வேறு வேலை இருந்திருக்கலாம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கிடங்கை ஒருவன் இன்னொருவனிடம் விட்டுப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பொருளாக எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும், வாங்குகிறவன் பட்டியலின் அடியில் ‘சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது விழும்வரை கொடுக்கிறவன் கேட்டைத் தாண்ட முடியாது. விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு குறைகிற ஒவ்வொரு பொத்தானும் வாங்கினவன் தலையில். தாய் பிள்ளை, அண்ணன் தம்பி, எதுவும் செல்லாது.

இப்போது உன் குற்றத்துக்கு வருகிறேன். என் மனைவிக்குப் பிரசவ நேரம். லீவு கிடைத்துவிட்டது. பெட்டி கட்டியாகிவிட்டது. கிடங்கை வாங்க வந்தவன் எண்ணினான். கம்பளி எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பட்டியலில் எண்ணூறு. திரும்ப எண்ணினோம். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அவன் பேனாவை மூடிவிட்டான். பத்தொன்பது நாள் விசாரணை. பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம். அந்தத் தந்தியை ஒரு கையிலும் கம்பளிப் பட்டியலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நான் மழையில் நின்றேன். கடைசியில் கம்பளியைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தார்கள், என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள், அனுப்பினார்கள். பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப் போனது. அது போகட்டும். என் மகள் இந்த உலகத்துக்கு வந்தபோது நான் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் உன்னால். இது ஒரு பக்கம் இருக்கட்டும். போன மாதம் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. முப்பது வருஷம் வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளிபோல் வந்து போன வீடு. சுவிட்சு எது விளக்குக்கு, எது விசிறிக்கு என்றே எனக்குப் பழகவில்லை. விளக்கைப் போடப்போய் விசிறியைப் போடுவேன். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். எழுந்து வந்து சரியான சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவாள். அதுதான் அதிகம் வலித்தது.

அந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. தூரத்து நகரத்தில் ஒரு பெரிய தனியார் கிடங்கு. என்னைப் போன்ற ஆள் வேண்டுமாம். அங்கேயே தங்கல். இரண்டு வருஷ ஒப்பந்தம். பதினைந்து நாளில் வந்து சேர வேண்டும். படித்து முடித்தபோது என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“நல்ல வேலைதான். போகணும்னு இருக்கா?”

“இருக்கு.”

“சரி.”

அவ்வளவுதான். சண்டைக்குத் தயாராக வந்தவனுக்குச் ‘சரி’ என்ற ஒரு வார்த்தை கிடைத்தால் எப்படி இருக்கும்? கையை ஓங்கிக்கொண்டு போனவனுக்கு முன்னால் கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது. தடுமாறிவிட்டேன்.

மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். சாயங்காலம் மூச்சு வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்படியாப்பா? பரவாயில்ல, போட்டோ அனுப்பறேன். நான் பொறந்தப்ப அம்மா தந்தி அனுப்பினாங்கள்ல, அதுமாதிரி.”

குத்திக் காட்டிப் பேசுகிற பெண் அல்ல அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மோர் கேட்டாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய் உன்னைத் திட்டினேன். ஆமாம், உன்னைத்தான். கம்பளித் திருடனை. பழக்கம்.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு மகத்தான தீர்மானம் பிறந்தது. வீட்டை அப்படியே விட்டுப் போகக் கூடாது. போவதற்குள் ஒரு வாரத்தில் இந்த வீட்டை ஒரு முன்மாதிரிக் கிடங்காக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு. ஒவ்வொரு அலமாரிக்கும் எண். இவர்கள் என்னை நினைத்தால் போதும், பொருள் தானாகக் கையில் வர வேண்டும்.

சமையலறை வாசலில் நின்று அறிவித்தேன்.

“இந்த வீட்டுல மொத்தம் என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் வேணும்.”

“எதுக்கு?”

“ஒழுங்குபடுத்தப் போறேன்.”

“இப்ப ஒழுங்கா இல்லையா?”

“உப்பு எங்க இருக்கு?”

“காப்பித்தூள் டப்பாவுல.”

“காப்பித்தூள்?”

“சீனி டப்பாவுல.”

“சீனி?”

“தீந்துபோச்சு.”

“இதுதான் ஒழுங்கா?”

“எனக்குத் தெரியும்ல எதுல எது இருக்குன்னு. மத்தவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? பட்டியல் வேணும்னா தரேன். ஆனா பொறுப்பு என் பேர்ல இருக்கறப்ப நீங்க எப்படிக் கை வைப்பீங்க? நீங்கதான சொல்வீங்க, அடுத்தவன் பொறுப்புல இருக்கற சரக்குல விரலை வைக்கக் கூடாதுன்னு.”

நான் அசந்துபோனேன். அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பிறகு நினைவு வந்தது. முப்பது வருஷம் நான் அவளுக்கு எழுதிய கடிதங்களில் ‘அன்புள்ள’ என்ற வார்த்தை மேலே ஒரு தடவை வரும். கீழே முழுக்க ‘குறை’, ‘உபரி’, ‘ஒப்படைப்பு’. விதிமுறைப் புத்தகத்தை நான் அவளுக்குத் தவணை முறையில் அனுப்பியிருக்கிறேன்.

“அப்ப பொறுப்பை என் பேருக்கு மாத்து. ஒரு வாரம் நான் பாக்கறேன். ஒழுங்குபடுத்தித் திரும்ப உன்கிட்டயே ஒப்படைச்சிட்டுக் கிளம்பறேன்.”

“திரும்ப எங்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் கிளம்புவீங்க?”

“பின்ன? ஒப்படைக்காம எந்தக் கிடங்கை விட்டும் நான் போனதில்ல.”

“அது எனக்குத் தெரியுமே,” என்றாள்.

இந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும் என் மண்டையில். அடிக்கவில்லை.

இரண்டு நாளில் பட்டியல் தயார். என் பழைய பெட்டியில் மிஞ்சியிருந்த படிவங்களையே எடுத்து எழுதியிருந்தாள். வரிசை எண், பொருள், எண்ணிக்கை, நிலை, குறிப்பு. குண்டு குண்டாக எழுத்து. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். முப்பது வருஷத்தில் என்னிடம் வேலை பார்த்த ஒரு எழுத்தர்கூட இப்படி எழுதியதில்லை. டீயோடு கொண்டுவந்து வைத்தாள். சாட்சிக்கு எதிர்வீட்டு மீட்டர்க்காரரைக் கூப்பிட்டிருந்தாள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அடியில் கையெழுத்துப் போடத் துடிப்பவர்.

“எண்ணிப் பாக்கலையா?” என்று மனைவி கேட்டாள்.

இங்கேதான் தவறு செய்தேன். என்னிடம் கிடங்கை வாங்கிக்கொண்ட பையனை, நான் ஓய்வு பெற்ற அந்தக் கடைசி மாதத்திலும் பதினொரு நாள் உட்காரவைத்து ஊசி முதற்கொண்டு எண்ண வைத்தவன் நான். என் முதல் கிடங்கை வாங்கியபோது வாளிக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்த்தவன் நான். அப்படிப்பட்டவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: “உன்ன நம்பாமலா?”

இந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. அவள் ஒரு கணம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்ணில் ஏதோ வந்து போனது. பிறகு பேனாவை நீட்டினாள்.

‘சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்.’ கையெழுத்து. கீழே மீட்டர்க்காரர், தேதியோடு.

அவர் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் போய்ச் சேர்வதற்குள், சமையலறையில் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்ன அது?”

“வரிசை எண் நாப்பத்தி மூணு,” என்றாள் மனைவி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

படித்தேன். ‘43. பாத்திரம் கழுவும் தொட்டி, ஒன்று. நிலை: மாலையில் அடைத்துக்கொள்ளும். குறிப்பு: வளைந்த கம்பி பின்னால் தொங்குகிறது, கையை முழங்கைவரை விட வேண்டும்.’

நான் அவசரமாக மற்ற வரிகளைப் பார்த்தேன். ‘58. மாடிப்படியில் தளர்ந்த பலகை, ஒன்று; மிதிக்கக் கூடாது, மறக்கவும் கூடாது.’ ‘71. எதிர்வீட்டுக்கு இரவல் போன ஏணி, ஒன்று. கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.’ ‘90. ஞாயிறு காலை போனில் வரும் நாத்தனார், ஒருவர். குறைந்தது ஒரு மணி நேரம். நடுவில் வைக்க முடியாது.’

“எங்க அக்காவைப் போய்ச் சரக்குப் பட்டியல்ல எழுதியிருக்கியே?”

“முப்பது வருஷமா நான்தான பராமரிக்கிறேன்?”

அந்த வாரத்தை விவரமாகச் சொன்னால் எனக்கே அவமானம். தொட்டிக்குள் முழங்கைவரை விட்டேன். பலகையை மறந்து மிதித்தேன். என் சொந்த அக்காளிடம் ஒரு மணி நேரம் பதினேழு நிமிஷம் பேசினேன். அவளுக்கு முதுகுவலி என்பதும், அவள் மூன்று வருஷமாகத் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “உன் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியுமே, உனக்குச் சொல்லலையா?” என்றாள். சொல்லியிருப்பாள். நான் அடுத்த வரியில் பூட்ஸ் எண்ணிக்கையைத் தேடியிருப்பேன்.

எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று கேட்டால் மனைவி பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், “பொறுப்பு யாரு பேர்ல இருக்கு?” என்பாள். தண்ணீர் வருகிற நேரம் கேட்டால் அதே பதில். டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினேன். உப்பை உப்பு டப்பாவில் மாற்றினேன். அடுத்த வேளை மகள் வந்து காப்பித்தூள் டப்பாவைத் திறந்து பழக்கத்தில் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் போட்டாள். அந்தக் குழம்பைப் பற்றி நாங்கள் இப்போதும் பேசுவதில்லை.

ஒரு மாலை தொட்டியைக் குடைந்து முடித்துக் கையைத் துடைக்கும்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் பனியிலும் வெயிலிலும் ஆயிரம் பேருக்குச் சோறு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தவன் நான். இங்கே இரண்டு பேருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பிரிவு இருந்தது, லாரி இருந்தது, திட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். இவளிடம் வளைந்த கம்பி ஒன்று இருந்தது. தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை. கிளம்புகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கிளம்ப மூன்று நாள் இருந்தது. ரயில் டிக்கெட் சட்டைப்பையில்.

“சரி, இன்னைக்கு ஒப்படைக்கறேன். கையெழுத்துப் போடு,” என்றேன்.

“எண்ணிடலாமே,” என்றாள்.

“நான் எண்ணாமத்தான வாங்கினேன்?”

“அது உங்க தப்பு. நான் ஏன் அதே தப்பைப் பண்ணணும்?”

எண்ணினாள். ஒரு நாள் சமையலறை. ஒரு நாள் மற்ற அறைகள். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வாளியில் தண்ணீர் ஊற்றினாள். தலையணையைத் தட்டி, “நிலை: நல்லதுன்னு எழுதியிருக்கேன், இப்ப அமுங்கியிருக்கே?” என்றாள். “நான் தலை வெச்சுப் படுத்தேன்,” என்றேன். “தேய்மானம்னு எழுதிக்கறேன்,” என்றாள். நான் கண்ணை மூடினால் என்னிடம் கிடங்கு வாங்கிய அத்தனை பேரும் வரிசையாக நின்று சிரிப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு இருநூற்றுப் பதினோராவது வரியும் முடிந்தது. குறை எதுவும் இல்லை. ரயில் சாயங்காலம் ஆறு மணிக்கு. நான் வெற்றியோடு பேனாவை நீட்டினேன்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. எரநூத்திப் பன்னெண்டு. மாடிப் பரண்ல, தகரப் பெட்டியில.”

‘212. கம்பளி, ஒன்று. நிலை: பழையது, கிழிசல் இல்லை.’

பரணில் ஏறினேன். பெட்டியைத் திறந்தேன். ஒரு பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தாள். பிரித்தேன். சாம்பல் நிறம். ஓரத்தில் கறுப்புக் கோடு. கை தானாக மூலையைப் புரட்டியது. இருபத்தேழு வருஷப் பழக்கம். முத்திரை. எண்.

என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வேன்.

பரணிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தளர்ந்த பலகையை மிதித்திருக்க வேண்டும், கால் வலித்தது.

“இது யார் குடுத்தா உனக்கு? எந்தத் திருட்டுப்பய கொண்டாந்து குடுத்தான்? சொல்லு. பேரைச் சொல்லு.”

“உக்காருங்க.”

“பேரைச் சொல்லுன்னா.”

“நீங்கதான்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“நான் அங்க வந்து முகாம்ல உங்களோட ஒரு மாசம் இருந்தேன்ல, வயித்துல புள்ளையோட? திரும்பி அனுப்பினீங்களே, காலையில மழையில, லாரி முன்சீட்டுல உக்கார வெச்சு. டிரைவர் தார்ப்பாயைச் சரியாக் கட்டலன்னு அவரைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. திட்டிக்கிட்டே உள்ள போனீங்க, திட்டிக்கிட்டே வெளிய வந்தீங்க. கையில கம்பளி. என் காலைச் சுத்தி, நாலு பக்கமும் அழுத்திச் செருகி விட்டீங்க. அப்பவும் திட்டு நிக்கல. லாரி கிளம்பறப்பகூட எம் முகத்தைப் பாக்கல, டயரைப் பாத்துத் திட்டினீங்க. கை ஒரு வேலை பண்ணிச்சு, வாய் ஒரு வேலை பண்ணிச்சு. கை பண்ணினது வாய்க்குத் தெரியல.”

எனக்குத் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. டிரைவரின் முகம் வந்தது. அவன் அப்பாவைப் பற்றி நான் சொன்னதுகூட வந்தது. கம்பளி மட்டும் வரவில்லை.

“ஏன் சொல்லல?”

“எப்பச் சொல்ல? குழந்தை பொறந்து ஏழு நாள் கழிச்சு வந்தீங்க. வந்ததும் குழந்தையைப் பாத்தீங்களா? கட்டில்ல உக்காந்து, கம்பளி எடுத்தவன் கை அழுகணும், அவன் குடும்பம் குளிர்ல வெறைக்கணும்னு ஆரம்பிச்சீங்க. குழந்தை அந்தக் கம்பளி மேலதான் தூங்கிட்டிருந்தா. நீங்க அதோட ஓரத்துல உக்காந்துதான் சாபம் விட்டீங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? அடுத்த லீவுல சொல்லலாம்னு பாத்தா அப்பவும் அதே சாபம். வருஷம் போகப் போக, சொன்னா நீங்க உடைஞ்சுபோவீங்கன்னு தோணிச்சு. ஒரு ஆளைத் திட்டிக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டறீங்க, அந்த ஆளையும் நான் பிடுங்கணுமான்னு விட்டுட்டேன்.”

கம்பளி எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. எண்ணூறாவது. என் லீவைத் தின்றது, என் சிவப்புக் கோடு. மகள் பிறந்தபோது நான் தேடிக்கொண்டிருந்த பொருள் மகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

பிறகு சுவர்க் கடிகாரம் ஒரு மணி என்றது. எனக்கு ரயில் நினைவு வந்தது. பழக்கம் லேசில் விடாது.

“சரி. எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்துப் போடு.”

“எப்படிப் போடறது? இது அரசாங்கச் சொத்து. திருட்டுப் பொருள். பொறுப்பு உங்க பேர்ல இருக்கு, சாட்சியோட. இதை நான் வாங்கினா நானும் மாட்டிப்பேன்.”

“அந்த வரியை அடிச்சிடு.”

“அடிச்சா பக்கத்துல காரணம் எழுதி ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். காரணம் என்னன்னு எழுதட்டும்?”

“எரிச்சிடறேன்.”

“அப்பக் குறை ஆயிடும். குறையோட ஒப்படைக்க முடியாது.”

நான் போனை எடுத்தேன். பதினொரு நாள் எண்ண வைத்தேனே, அந்தப் பையன். இப்போது அவன்தான் கிடங்குக்குப் பொறுப்பு. நடந்ததைச் சொல்லி, கம்பளியைப் பார்சலில் அனுப்புகிறேன், வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டு அனுப்பு என்றேன்.

“சார், அது அன்னைக்கே தள்ளுபடி ஆன பொருள். பதிவேட்டுல இல்ல. இல்லாத பொருளை நான் எப்படி உள்ள வாங்கறது?”

“ஒரு கம்பளிதானப்பா. மேல வெச்சுக்கோ.”

“வெச்சா ஒண்ணு கூடுதலாயிடும் சார். குறை இருந்தா கவனமில்லாதவன், கூடுதல் இருந்தா திருடன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? எழுதி அனுப்புங்க, விசாரணை போடறேன். ஒரு ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும்.”

பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

பேரம் பேசினேன். மனைவியிடம். டயரையும் கொதிகலனையும் கட்டிலையும் சுற்றிச் சுற்றி மாற்றிய வாய். இரண்டு வருஷத்தை ஒரு வருஷமாகக் குறைத்தேன். ஆறு மாதம் என்றேன். மாதம் ஒரு தடவை வருகிறேன் என்றேன். தொட்டியை மாற்றித் தருகிறேன் என்றேன். அவள் பட்டியலை மடித்தாள்.

“நான் ஒண்ணும் பிடிச்சு வைக்கலையே. கையெழுத்து வாங்காமப் போறதுன்னா போங்க. அப்படிப் போறவங்களுக்கு உங்க ராணுவத்துல ஒரு பேர் வெச்சிருக்கீங்கல்ல?”

“ஓடிப்போனவன்,” என்றேன், வாய் தவறி.

“ஆங். அது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில் நான் போட்ட விசிறியை நிறுத்தி விளக்கைப் போட்டாள்.

ஆறு மணிக்கு ரயில் போனது. எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அதன் ஊதல் நன்றாகக் கேட்கிறது. இதுவும் எனக்குத் தெரியாது. மகள் வந்தாள். கம்பளியைப் பார்த்து, “இது எங்கம்மா இருந்துச்சு? இதுல படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு,” என்று எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க இன்னும் கிளம்பலையாப்பா?” என்று கேட்டாள். “ஒரு சின்ன ஒப்படைப்பு பாக்கி,” என்றேன். அன்றைக்குப் போகும்போது, முதல் தடவையாக, வாசற்படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே, எடுத்தவனே. இருபத்தேழு வருஷம் உன்னைத் தேடினேன். நீ தினமும் காலையில் என் சவரக் கண்ணாடிக்குள் நின்றிருக்கிறாய். நான் தாடையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். விட்ட சாபத்தைத் திரும்ப வாங்க முடியாது. முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. கம்பளியையும் திருப்பித் தர முடியாது, வாங்க ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு நீ நேரில் போய் வாங்காமல் விட்ட சரக்கு ஒன்று உண்டு. அதை இப்போதாவது சரிசெய். இந்த மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கதவைத் திறக்கும்போது முதல் ஆளாக நீ நிற்க வேண்டும். அந்தக் கம்பளியைத் துவைத்துக் காயவைத்துக் கையில் வைத்திரு. இரண்டு கையையும் நீட்டி வாங்கு. வாயை மூடிக்கொண்டு வாங்கு. டிரைவர் யாராக இருந்தாலும் திட்டாதே. முகத்தைப் பார். அதுவரை நீ இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது.

பால் வாங்க மட்டும் தாண்டலாமாம். மேலிடம் இப்போதுதான் உள்ளிருந்து சொல்கிறது. இரண்டு பாக்கெட். போ. எண்ணி வாங்கு.